சாலை பார்க்காத பக்கம்

பூரோஸ், ஸ்வீடன்
12 மார்ச் 1995

அன்புத் தங்கை மேத்தாவுக்கு,

நானும் பிர்கிட்டாவும் நலம். என் முழங்கால் மட்டும் பனி போகிறவரை தனக்கு நலமில்லை என்று எழுதச் சொல்கிறது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

ரம்பத்தை நேற்றுக் கப்பலில் ஏற்றிவிட்டேன். பிரித்துப் பார்த்ததும் இவ்வளவுதானா என்று நினைக்காதே. ஆறு மீட்டர் தண்டவாளம், அதன் மேல் தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி, அதில் ஒரு பெட்ரோல் எஞ்சின், நாடாவைப் போலச் சுற்றி ஓடுகிற பிளேடு. முப்பத்தொரு வருடம் மர மில்லில் கிடந்தவன் சொல்கிறேன், ஒரு வீட்டுக்கு வேண்டிய சட்டமும் பலகையும் ஒரே கோடையில் இதில் அறுத்துவிடலாம். பழைய ஆட்சி பிடுங்கிய நம் பண்ணையைப் புது அரசாங்கம் திருப்பிக் கொடுத்துவிட்டது. கூரையை அவர்களா திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள்?

தண்டவாளத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பொருத்து. அது ஒரு விரல் சாய்ந்தால் பலகையும் ஒரு விரல் சாயும். பிளேடின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசின் பிடித்துக்கொள்ளும். இரும்பு காட்டும் சின்னக் கருவி ஒன்றும் வைத்திருக்கிறேன். நம் பக்கத்து மரங்களுக்குள் போர்க்காலத்துக் குண்டுச் சிதறல் இன்னும் கிடக்கிறது. ஒவ்வொரு கட்டையையும் தடவிப் பார்க்காமல் எஞ்சினைத் தொடாதே.

பால் பண்ணை இயந்திரங்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவள் நீ. உனக்குப் பயம் இருக்காது. ஆனாலும் கொஞ்சம் பயம் இருக்கட்டும்.

பிளேடுப் பெட்டிக்கு அடியில் இரண்டு பொட்டலம் காபி இருக்கிறது.

உன் அண்ணன்
எல்மர்

*

கூசே பண்ணை, வோரு மாவட்டம்
9 ஏப்ரல் 1995

அன்புள்ள அண்ணா,

உன் முழங்காலுக்கும் அண்ணிக்கும் என் விசாரிப்புகள். என் இடுப்பைப் பற்றிக் கேட்டாய், அது தன் பாட்டுக்கு இருக்கிறது. ரம்பமும் காபியும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

பக்கத்துப் பண்ணை கால்யோதான் டிராக்டரில் ஏற்றி வந்தார். இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஏ மேத்தா, மாட்டு மடி புடிச்ச கைக்கு ரம்பம் ஒரு கேடா?" என்றார். "வாயை மூடிக்கிட்டு அந்த முனையைத் தூக்கு" என்றேன். ரசமட்டம் வைத்துத் தண்டவாளம் பொருத்தவே இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ஒரு ஸ்ப்ரூஸ் கட்டையை ஏற்றி, எஞ்சினைப் போட்டு, தள்ளுகிறேன், தள்ளுகிறேன், ஒரு விரற்கடை போகவில்லை. புகைதான் வந்தது. ஒரு மணி நேரம் இருவரும் மாறி மாறித் தள்ளினோம். கடைசியில் கால்யோ எஞ்சினை நிறுத்திக் குனிந்து பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு. இவ்ளோ நேரம் மரத்துக்கு முதுகு தேச்சு விட்டிருக்கோம்" என்றார். பிளேடை உள்வெளியாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது, நீயும் சிரித்துக்கொள்.

போரிலிருந்து திரும்பாத சின்னண்ணனைப் பற்றி ஒரு சேதி. கனடாவிலிருந்து பதில் வந்துவிட்டது. இல்மர் என்ற பெயரில், அந்த வயதில், நம் ஊர்க்காரர் யாரும் அங்கே பதிவாகவில்லையாம். கனடாவில் மரம் வெட்டும் முகாமில் அவனைப் போல ஒருவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள் என்று 1958இல் நீ எழுதினாயே, அந்த யாரோ யார்? பெயர் நினைவிருந்தால் எழுது. அவன் எங்காவது இருந்தால் இப்போது அறுபத்தொன்பது வயது. அம்மா சாகும்வரை அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள், உனக்குத் தெரியும்.

கூரையும் பெரிய அறைக்குத் தரையும் போட்டால் வருவேன் என்று போன வருடம் எழுதினாய். நான் இன்னும் குளியல் குடிசையில்தான் படுக்கிறேன், எனக்கு அது போதும். நீ வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வயதில் ரம்பம் பிடிக்கிறேன். ஆகஸ்டில், ஊரே கல்லறையில் கூடுகிற கல்லறை ஞாயிறுக்கு வந்துவிடு. பத்து வயதில் பார்த்த முகம், அண்ணா. தெருவில் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது.

உன் தங்கை
மேத்தா

*

பூரோஸ்
25 ஏப்ரல் 1995

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

பிளேடு கதையைப் படித்துப் பிர்கிட்டாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், கண்ணீர் வரச் சிரித்தாள். வெட்கப்படாதே. எங்கள் மில்லில் சேர்ந்த முதல் வாரம் நானும் அதையே செய்தேன்.

இனி கவனி. முதலில் ஒரு பக்கத்துத் தோலைச் சீவு. பிறகு கட்டையைத் திருப்பி எதிர்ப்பக்கத்தைச் சீவு. ஒரே பக்கத்திலிருந்து பலகை பலகையாக எடுத்துக்கொண்டே போனால் மிச்சக் கட்டை வில்லாக வளைந்துவிடும். பலகை அலை அலையாக வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம், இன்னும் பலமாகத் தள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. அறுத்த பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று போடாதே. நடுவே குச்சி வைத்து அடுக்கு, காற்று ஓடட்டும்.

ஆகஸ்டு இன்னும் தூரத்தில் இருக்கிறது. முழங்கால் என்ன சொல்கிறதோ பார்ப்போம். முதலில் கூரையை முடி.

எல்மர்

*

கூசே பண்ணை
21 மே 1995

அன்புள்ள அண்ணா,

நலமா? இங்கே குயில் கூவ ஆரம்பித்துவிட்டது, கொசுவும் வந்துவிட்டது.

நீ சரியான கல்லுளிமங்கன். சின்னண்ணனைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதிக் கேட்டேன். நீ இரண்டு பக்கம் பதில் போட்டாய், அதில் அவன் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. எப்போதுமே இப்படித்தான். அவனைப் பற்றிக் கேட்டால் முழங்கால், பனி, பிளேடு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா?

சரி, நல்ல சேதி சொல்கிறேன். கூரைச் சட்டங்கள் எல்லாம் அறுத்தாகிவிட்டன. ஒன்பது ஸ்ப்ரூஸ் கட்டை, ஒரே ஒரு பிளேடுதான் போயிற்று. இப்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பிளேடு மழுங்கியதைச் சொல்லிவிடுவேன். கால்யோ இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை. "எனக்கும் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பலகை போட்டுக் குடேன்" என்று குழைகிறார்.

தரைக்குப் பைன் மரமும் கிடைத்துவிட்டது. ஜனவரிப் புயலில், பாதை இரண்டாகப் பிரிகிற கவட்டு முனையில் நம் மரங்கள் ஆறு சாய்ந்துவிட்டன. அப்பா செத்தபோது பெரியப்பா சிலுவை வெட்டிய மரமும் அதில் ஒன்று. அதை அப்படியே கிடக்கவிட்டேன். செத்தவரைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் வழியில் வீட்டு ஆண்பிள்ளை சிலுவை வெட்டிய மரத்தை யார் தொடுவார்கள்? அம்மாவின் மரம் நல்ல வேளையாக நிற்கிறது. நீயும் இல்லாமல் சின்னண்ணனும் இல்லாமல் மாமா வெட்டினாரே, அந்தச் சிலுவை இன்னும் தெளிவாக இருக்கிறது. மற்ற ஐந்து மரத்தையும் சாலை பார்த்த பக்கத்தில் கையால் தடவிப் பார்த்தேன். ஒன்றிலும் சிலுவை இல்லை. கால்யோ இழுத்து வந்து முற்றத்தில் போட்டுவிட்டார். வைரம் பாய்ந்த மரம். அதில் தரை போட்டால் நீ செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பாய்.

மேத்தா

*

பூரோஸ்
1 ஜூன் 1995

மேத்தா,

நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

கவட்டு முனைப் பைன் மரங்களை அறுக்காதே. அங்கே நாற்பத்து நாலில் சண்டை நடந்தது. உள்ளே இரும்பு இருக்கும், கருவி ஆழத்தில் இருப்பதைக் காட்டாது. பிளேடு தெறித்து முகத்தில் அடித்தால் என்ன செய்வாய்? கால்யோவிடம் சொல்லி அவற்றை இழுத்த இடத்திலேயே போடச் சொல். தரைக்கு மரம் வாங்க நான் பணம் அனுப்புகிறேன்.

இதை உடனே செய்.

எல்மர்

*

கூசே பண்ணை
14 ஜூன் 1995

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. மரங்களை அதற்கு முந்தின வாரமே அறுக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நலமாக இருக்கிறேன். உள்ளே இரும்பு இல்லை.

மூன்றாவது மரத்தின் அடிக்கட்டை. தோல் சீவியாகிவிட்டது. இரண்டு பலகை எடுத்து மூன்றாவதைத் தள்ளும்போது பிசின் வாசனை குப்பென்று அடித்தது. கால்யோ பலகையைத் தூக்கினார், தூக்கியவர் அப்படியே நின்றார். "மேத்தா, எஞ்சினை நிறுத்து" என்றார்.

பலகையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிலுவை. பிசின் நிறைந்து கறுப்பாக இருந்தது. மரம் அதன் மேல் வளர்ந்து மூடிவிட்டிருக்கிறது. முதலில் சீவிப் போட்ட தோலை எடுத்துப் பார்த்தேன், ஒரு சின்னத் தையல் போலக் கோடு மட்டும். சாலை பார்க்காத பக்கம், முழங்கால் உயரத்தில். யார் அங்கே பார்ப்பார்கள்? சிலுவை என்றால் சாலையைப் பார்த்து, மார்பு உயரத்தில், போகிறவர்கள் எல்லாம் பார்க்க வெட்டுவதுதானே வழக்கம்? அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

சீவிய தோலையும் பலகைகளையும் பழையபடி சேர்த்து வைத்து, கால்யோ அந்த இடத்தில் குறுக்காக வெட்டித் தந்தார். தோலிலிருந்து சிலுவைவரை ஊசிமுனை வைத்து வளையங்களை எண்ணினேன். ஐம்பது. அவரையும் எண்ணச் சொன்னேன். ஐம்பதுதான். போன வருடத்திலிருந்து பின்னால் எண்ணினால் நாற்பத்து ஐந்து. அதற்கு முந்தின வருடம் வெட்டியது.

அந்த மரங்கள் நம் வீட்டுடையவை. மற்ற பண்ணைக்காரர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் வெட்டுவார்கள். நாற்பத்து நாலில் நம் வீட்டில் யாரும் சாகவில்லை, அண்ணா. அம்மா இருந்தாள். நான் இருந்தேன். நீ ஸ்வீடன் போய்ச் சேர்ந்தாய்.

அம்மா வெட்டவில்லை. நான் வெட்டவில்லை. நீ எதற்காக அந்த மரத்தை அறுக்காதே என்று எழுதினாய்? அது யாருடைய சிலுவை?

மேத்தா

*

கூசே பண்ணை
28 ஆகஸ்டு 1995

அண்ணா,

இரண்டரை மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அண்ணியாவது எழுதியிருப்பாள். அதனால் நலமாகத்தான் இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்லறை ஞாயிறு வந்தது, போயிற்று. அம்மாவின் கல்லறையில் மணலை வாரி ஒழுங்கு செய்து தனியாக உட்கார்ந்திருந்தேன். எல்லாரும், "ஸ்வீடன்காரர் வரலையா?" என்று கேட்டார்கள். "முழங்கால் வலி" என்றேன்.

கூரை முடிந்துவிட்டது. தரை போடவில்லை. அன்றைக்குப் பிறகு ரம்பத்தைத் தொடவில்லை. அந்தப் பலகையைப் பெரிய அறையில் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். நீ சொல்லும்வரை அது அங்கேயேதான் இருக்கும்.

மேத்தா

*

பூரோஸ்
5 நவம்பர் 1995

மேத்தா,

நலம் விசாரிக்கிற உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் நீ நலமாக இருக்க வேண்டும்.

பிர்கிட்டாவுக்குக்கூட இது தெரியாது. ஜூனிலிருந்து எழுதி எழுதிக் கிழித்திருக்கிறேன்.

நாற்பத்து நாலு ஆகஸ்டு. இல்மர் படையிலிருந்து ஓடி வந்து சதுப்புப் புல்வெளி வைக்கோல் கொட்டகையில் ஒளிந்திருந்தான். நீ சின்னவள், வாய்தவறிச் சொல்லிவிடுவாய் என்று உனக்குச் சொல்லவில்லை. பீரங்கிச் சத்தம் நெருங்கிவிட்டது. அம்மா என்னிடம், "அவனைக் கூட்டிக்கிட்டு வா. அவன் இல்லாம நீ மட்டும் இந்த வாசல்ல வந்து நிக்காதே" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. போகிறவர் மூன்று தரம் விசில் அடிக்க வேண்டும். நான் போனது பட்டப்பகல். சாலையில் ஒரு லாரி நின்றது, சிப்பாய்கள் வெயிலில் படுத்திருந்தார்கள். எந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசில் அடித்தால் கேட்டுவிடும் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் போனேன். விசில் இல்லாமல் காலடிச் சத்தம் மட்டும் கேட்டதும் அவன் என்னைச் சிப்பாய் என்று நினைத்துவிட்டான். மறுபக்கமாகத் திறந்த வெளியில் ஓடினான். சுட்டார்கள்.

நான் வாய்க்காலில் படுத்துவிட்டேன். அவன் உடனே சாகவில்லை, மேத்தா. "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு கிடந்தான். பிறகு தலையைத் திருப்பினான், வாய்க்காலில் என்னைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டான். பதினெட்டு வயதுப் பிள்ளை. இருபத்திரண்டு வயது நான் எழுந்து போகவில்லை. லாரி கிளம்பிய பிறகு போனேன். முடிந்திருந்தது.

கொட்டகைக்குப் பின்னால், இரண்டு பெரிய கல்லுக்கு நடுவே, வைக்கோல் வாரும் கம்பாலும் கையாலும் தோண்டி வைத்தேன். தலை கிழக்கே. கவட்டு முனைக்கு வந்து சிலுவை வெட்டினேன். சாலைப் பக்கம் வெட்டினால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போது அம்மா பார்த்துவிடுவாள். அதனால் பின்னால் வெட்டினேன்.

நம் வயல் ஓரம்வரை வந்தேன். அம்மா முற்றத்தில் உருளைக்கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வாசலுக்குத் தனியாகப் போக என்னால் முடியவில்லை. திரும்பிக் கடற்கரைப் பக்கம் நடந்தேன்.

கனடாக் கதை நான் கட்டியது. உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். என் முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை.

எல்மர்

*

கூசே பண்ணை
20 நவம்பர் 1995

எல்மருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம்.

அம்மா ஏழு வருடம் தட்டு வைத்தாள். நீங்கள் எழுதியதை நம்பி நான் முப்பத்தேழு வருடம் கனடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி அனுப்ப வேண்டாம். வரவும் வேண்டாம்.

மேத்தா

*

பூரோஸ்
17 டிசம்பர் 1995

மேத்தா,

உன்னிடம் எதையும் கேட்டு எழுதவில்லை. உறைபனி வருவதற்குள் ரம்பத்தின் தண்ணீர்க் குழாயைக் காலி செய்துவிடு, இல்லாவிட்டால் வெடித்துவிடும். பிளேடைத் தளர்த்திக் கழற்றி எண்ணெய் தடவித் தொங்கவிடு. தண்டவாளத்தில் கிரீஸ் பூசு.

பண்டிகைக்கு அடுப்பில் நிறைய விறகு போட்டுக்கொள். நலமாக இரு.

எல்மர்

*

கூசே பண்ணை
2 ஜூன் 1996

அண்ணா,

நலமா? அண்ணி நலமா? எனக்குக் குளிர்காலம் முழுக்க இருமல், இப்போது தேவலை.

தரை இளகியதும் போன மாதம் நானும் கால்யோவும் சதுப்புப் புல்வெளிக்குப் போனோம். கொட்டகை இல்லை, நாலு மூலைக் கல்தான் கிடந்தது. நீ சொன்ன இரண்டு பெரிய கற்களும் அப்படியே இருந்தன. முழங்கால் ஆழத்தில் கிடைத்தான். பெல்ட் கொக்கி இருந்தது, ஒரு பூட்ஸ் இருந்தது. கால்யோ தொப்பியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சாம், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. எலும்பை ஒவ்வொன்றாக விரிப்பில் எடுத்து வைக்கும்போது எவ்வளவு சின்னவன் என்று மட்டும் நினைத்தேன்.

ரம்பத்தை மறுபடி மாட்டினேன். பெட்டிக்குப் பலகை நானே அறுத்தேன், புது ஸ்ப்ரூஸ், முக்கால் அங்குலம். ஒன்றில்கூட அலை இல்லை. நீ பார்த்திருந்தால் குறை சொல்ல முடிந்திருக்காது.

நேற்று அடக்கம். ஊரே வந்தது. கவட்டு முனையில் வண்டியை நிறுத்தினோம். சாலையைப் பார்த்து நிற்கிற ஓர் இளம் பைன் மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். யார் சிலுவை வெட்டுவது என்று பாதிரியார் கேட்டார். கால்யோ கத்தியை எடுத்து, "நான் வெட்டட்டா, மேத்தா? இல்மர் என்னைக் கோவிச்சுக்க மாட்டான்" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "வேண்டாம். எங்க வீட்டுல ஆம்பள ஒருத்தன் இருக்கான். உசுரோட இருக்கான்." பிறகு வண்டியை ஓட்டச் சொன்னேன். இந்தப் பக்கத்தில் சிலுவை வெட்டாமல் ஒரு செத்தவனைக் கல்லறைக்குக் கொண்டுபோனது இதுவே முதல் தடவை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அந்த மரத்தில் தோல்கூட நான் சீவவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, அண்ணா. எழுதிப் பார்த்தேன், கை நின்றுவிட்டது. சில நாள் காலையில் எழுந்ததுமே உன் மேல் கோபம் வருகிறது. சில நாள் வாய்க்காலில் படுத்திருக்கிற இருபத்திரண்டு வயதுப் பையனை நினைத்துக்கொள்கிறேன், அன்றைக்கு அழுகை வருகிறது. இரண்டும் இருக்கும், தெரிந்துகொண்டு வா.

அவன் இல்லாமல் நீ மட்டும் வாசலில் வந்து நிற்காதே என்று அம்மா சொன்னாள். ஐம்பத்திரண்டு வருடம் அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றினாய். இப்போது அவன் உனக்கு முன்னால் வந்துவிட்டான். அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான்.

இனி நீ வரலாம்.

மேத்தா